இவ்ளோதான் சார்

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிலம்பரசனுக்கு ஒரு நாள் காலையில் போன் வந்தது. பேசியவர் பக்கத்து நிலக்கரிக் கம்பெனி டவுன்ஷிப்காரர். பெயர் மருதமுத்து, அக்கவுண்ட்ஸ் ஆபீசர், இன்னும் சில மாதத்தில் ரிட்டையர்டு. வேலைக்கு வந்த நாள் முதல் எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் வீடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது, அத்தனையையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கப் பெரிய சர்வர் ஒன்று வீட்டிலேயே வேண்டும், நல்ல சாமானாகப் பொறுக்கிக் கட்டித் தர முடியுமா என்று கேட்டார். பத்தொன்பதாம் பிளாக் என்று முகவரி சொன்னார்.

சிலம்பரசனுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஊரில் எத்தனையோ மருதமுத்து இருக்கலாம். பத்தொன்பதாம் பிளாக்கில், கேமரா பைத்தியம் பிடித்த, தெற்கத்திப் பேச்சு இன்னும் நாக்கை விட்டுப் போகாத மருதமுத்து ஒருத்தர்தான் உண்டு. “வரேன் சார்” என்று போனை வைத்தான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவன் அம்மா மாணிக்கம்மாள் அந்த வீட்டில்தான் பாத்திரம் தேய்த்தாள். ஒரு நாள் கேமராவின் நீள லென்ஸ் ஒன்றைக் காணவில்லை. மனுஷன் வீட்டுக்குள் வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து ஜனங்கள் சைக்கிளில் திரும்புகிற நேரம் பார்த்து, அவளை வாசலில் நிறுத்தி, வாட்ச்மேனைக் கூப்பிட்டு, தூக்குவாளியைக் கவிழ்க்கச் சொன்னார். முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். மீந்த குழம்பு தரையில் ஓடியது. முடிச்சில் வெற்றிலைதான் இருந்தது. அதற்கப்புறமும், “எங்கேயோ வித்துட்டா. இவ திருட்டுக் கழுத” என்று தெரு கேட்கச் சொன்னார். அவர் மனைவி கமலா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்கவில்லை.

டவுன்ஷிப்பில் சேதி பரவுவதைச் சொல்லவா வேண்டும். மறுநாளே மாணிக்கம்மாள் வேலை பார்த்த மற்ற வீட்டுக்காரர்களும் “இனிமே வேண்டாம்மா” என்றுவிட்டார்கள். அவள் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். முந்திரி ஓட்டில் கசிகிற எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்தது, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் தின்றாள். கொஞ்ச நாள் கழித்து லென்ஸ் அவர்கள் வீட்டு பீரோ மேலேயே ஒரு பைக்குள் கிடைத்ததாம். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த செங்கமலம் சொல்லித்தான் தெரிந்தது. கிடைத்ததல்லவா, ஒரு நடை வந்து, “தப்பாச் சொல்லிட்டோம்மா” என்று ஒரு வார்த்தை? அந்த வீட்டிலிருந்து ஈ காக்கை கூட வரவில்லை.

சிலம்பரசன் வளர்ந்தான், படித்தான், கடை வைத்தான், அம்மாவை முந்திரி வேலையிலிருந்து நிறுத்தினான். ஆனால் குழம்பு ஓடிய அந்தத் தரை அவன் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. அந்த ஆள் தன் பொருளைப் பறிகொடுத்துவிட்டு இவன் முன்னால் வந்து நிற்க வேண்டும், அம்மா மேல் விழுந்த பழி அன்றைக்குத்தான் இறங்கும் என்று நினைத்தான். இத்தனை வருஷமும் அந்த ஒரு ஆசையை ஊறுகாய் போட்டு வைத்திருந்தான்.

அது மாநிலம் முழுக்க அடிக்கடி கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம். மந்தாரக்குப்பத்தில் வந்த கரண்ட் நிலைக்காது, சுற்றுப்பட்டுக் கிராமங்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம். டவுன்ஷிப் ஆர்ச்சுக்குள் நுழைந்தால் மட்டும் பட்டப்பகலில்கூடத் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். கரி வெட்டிக் கரண்ட் எடுக்கிற ஊரல்லவா. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு மெழுகுவத்தி என்பது பிறந்தநாள் கேக்கில் வைக்கிற சாமான்.

மருதமுத்து வீட்டுக் கூடத்தில் பேன் முழு வேகத்தில் சுற்றியது. சுவரில் கமலாவின் படம், மாலை போட்டு. சிலம்பரசன் அதைப் பார்ப்பதைக் கண்டு அவரே சொன்னார்.

“போன வருஷம் போயிட்டா தம்பி. மார்கழி முழுக்கக் கோயில்ல பாடுவா. அவ பாடுனது, பேசுனது, சமையக்கட்டுல என்னைத் திட்டுனது எல்லாம் டேப்புலயும் டிவிடிலயும் கெடக்கு. உண்மையச் சொன்னா அதுக்குத்தான் இந்த சர்வரே.”

ஒரு நொடி சிலம்பரசனுக்கு மனசு இளகப் பார்த்தது. உடனே இறுக்கிக்கொண்டான். மார்கழி முழுக்கப் பாடத் தெரிந்த வாய்க்கு அன்றைக்கு வாசலில் ‘விடுங்க’ என்று ஒரு சொல் வரவில்லையே. கிடக்கட்டும் டேப்பு.

அவருக்கு இவனை அடையாளம் தெரியவில்லை. “எந்த ஊருப்பா?” என்றார். “இங்கதான் சார், மந்தாரக்குப்பம்” என்றான். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்: ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டு, சேத்தியாத்தோப்புப் பக்கம் கட்டியிருக்கும் சொந்த வீட்டுக்குப் போகிறார். “சர்வரை அப்படியே அங்க தூக்கிட்டுப் போயிடலாம்ல?” என்று கேட்டார். “தாராளமா சார்” என்றான் சிலம்பரசன். அந்த நிமிஷமே அவன் கணக்கைப் போட்டு முடித்துவிட்டான்.

மட்டமான சாமானை நல்லது என்று தலையில் கட்டலாம்தான். அது நாறப் பயல் வேலை, நாளைக்கு விரல் நீட்டினால் மாட்டிக்கொள்வோம். இவன் அதற்கு நேர்மாறாக, ஒருத்தரும் குறை சொல்ல முடியாத சாமான்களாகப் பொறுக்கினான். சர்வர் நன்றாக ஓட வேண்டும், மனுஷன் அதை நம்ப வேண்டும், வீட்டில் உள்ள கடைசித் துணுக்கு வரைக்கும் அதற்குள்ளே போய் உட்கார வேண்டும்.

பெட்டியிலிருந்து தொடங்கினார்கள். எட்டு டிஸ்க் உட்காருகிற உயரமான பெட்டி, முன்பக்கம் கழற்றிக் கழுவுகிற வலையோடு. “எதுக்குப்பா வலை?” என்றார். “நம்ம ஊரு சாம்பல் சார். மொட்டை மாடில துணி காயப்போட்டா என்னா ஆவுது? அதேதான் உள்ளயும்” என்றான். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அப்புறம் தன் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்கிற வகை மெமரி. “மெமரி தப்புப் பண்ணுமா தம்பி?” என்று சிரித்தார் மருதமுத்து. “பண்ணும் சார். சிலது மறந்தே பூடும்” என்றான் சிலம்பரசன் முகத்தில் சலனம் இல்லாமல்.

டிஸ்குதான் பெரிய பேச்சாக நடந்தது. தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கியதில் டிஸ்க் கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்தது. கிடைக்கிற இடத்தில் எட்டையும் மொத்தமாக அள்ளிவிடலாம் என்றார் அவர். “வேணாம் சார். ஒரே நாள்ல செஞ்ச டிஸ்கெல்லாம் ஒரே நாள்ல சாவும். ரெண்டு மூணு கடைல பிரிச்சி வாங்குவோம்” என்றான். மெட்ராஸுக்கு பஸ் ஏறிப்போய் ரிச்சி தெருவில் அலைந்து, வேறு வேறு கடையில் வாங்கி, மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தான். தன் சொந்த வீட்டுக்குக்கூட அப்படி அலைந்திருக்க மாட்டான். பழி வாங்குகிறவனுக்கு வருகிற சிரத்தை பக்தனுக்கும் வராது.

கடைசியில் ரெய்டு கார்டு. எட்டு டிஸ்கையும் ஒன்றாகக் கட்டி மேய்க்கிறது அதுதான், இரண்டு செத்தாலும் மற்றவை காப்பாற்றும். அதிலே இவன் தேர்ந்தெடுத்தது வேகமான வகை. எழுத வேண்டியதை முதலில் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக டிஸ்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். அப்படி வைத்திருக்கிற நேரத்தில் கரண்ட் போனால் போச்சு. எட்டு டிஸ்கும் எட்டு திசையில் நிற்கும், கணக்குக் குழம்பி உள்ளே இருக்கிற அத்தனையும் கிழிந்து போகும். ஆகவே அந்தக் கார்டு வாங்குகிறவன் எவனும் கூடவே யூபிஎஸ் ஒன்று வாங்காமல் இருக்க மாட்டான். கரண்ட் போனதும் பேட்டரியில் ஓட்டி, ஒழுங்காக அணைக்க அவகாசம் கொடுக்கிற பெட்டி அது. சிலம்பரசன் கடையில் அந்த வருஷம் கடலை மிட்டாயாக விற்றதே அதுதான்.

மருதமுத்துவுக்கு அது தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குவார்ட்டர்ஸில் இருக்கிறவர். கரண்ட் போவது என்றால் அவருக்குப் பேப்பரில் படிக்கிற சமாசாரம்.

எல்லாம் பேசி முடித்துக் காபி கொடுத்தார். கொடுத்துவிட்டு நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது தம்பி. உன்னை நம்பித்தான் எறங்குறேன். வேற ஏதாவது வேணுமா? எதுவும் விட்டுப்போகலையே?”

சிலம்பரசன் காபியை முழுக்கக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தான்.

“இல்ல சார். இவ்ளோதான் சார்.”

சர்வர் பிரமாதமாக ஓடியது. மருதமுத்து ராப்பகலாக உட்கார்ந்து டேப்பும் டிவிடியும் ஏற்றினார். அடிக்கடி போன் செய்து, “கமலாவோட எண்பத்தெட்டாம் வருஷத்துப் பாட்டு கெடச்சிருக்கு தம்பி” என்று குழந்தை மாதிரி சொல்வார். “எல்லாம் ஏத்திட்டா பழச எதுக்கு சார் வச்சிகினு, புது வூட்ல எடத்த அடைச்சிகினு” என்று ஒரு நாள் இவன் எடுத்துக் கொடுத்தான். வீடு மாற்றும்போது அவர் அதையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டார்.

புது வீட்டில் சர்வரை வைத்துக் கொடுத்ததும் சிலம்பரசன்தான். மருதமுத்து மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்வெர்ட்டரைப் பெருமையாகக் காட்டினார். “நாலு பேனும் லைட்டும் ஓடும் தம்பி. கரண்ட் போனாலும் கவலை இல்ல.” டவுன்ஷிப் மூளை அப்படித்தான் கணக்குப் போடும், கரண்ட் போனால் வேர்க்கும், அவ்வளவுதான். சர்வர் மாட்டிய பிளக் அந்த இன்வெர்ட்டர் லைனில் இல்லை என்பதை சிலம்பரசன் பார்த்தான். பார்த்துக்கொண்டே ஸ்விட்சைப் போட்டான். போட்டுவிட்டு வந்து காத்திருந்தான்.

ஆடி பிறந்து காற்று அடித்த ஒரு காலையில் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மருதமுத்து இறங்கினார். சர்வர் பெட்டியை வேட்டியில் சுற்றிக் கட்டியிருந்தார். ஆட்டோக்காரரும் அவருமாகத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார்கள். அவர் சவரம் செய்து ரெண்டு மூன்று நாள் இருக்கும்.

“ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது தம்பி. திறந்தா காலியா காட்டுது. என்னான்னு பாரேன்.”

கடையில் கரண்ட் இல்லை. மேஜைக்குக் கீழே யூபிஎஸ் ‘கீ, கீ’ என்று கத்திக்கொண்டிருந்தது. சிலம்பரசனுடைய கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு ஓடியது. அதில் பெட்டியை மாட்டி, அவசரமே இல்லாமல் பார்த்தான். உள்ளே என்ன இருக்கும் என்று அவனுக்கு முன்பே தெரியும். பாதியும் கால்வாசியுமாகக் கிழிந்த குப்பைதான் மிச்சம்.

“பூடுச்சி சார்.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

“மெட்ராஸ்ல எங்கயாவது குடுத்தா…?”

“யார்கிட்ட குடுத்தாலும் வராது சார். துணி கிழிஞ்சா தைக்கலாம், இது சாம்பலாயிடுச்சி.”

மருதமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம் மேஜைக்குக் கீழே குனிந்து, “அது என்னப்பா கத்துது?” என்றார்.

“யூபிஎஸ் சார். கரண்ட் போனா மெசின் அணையாம பாத்துக்கும்.”

அவர் கீழே பார்த்தார். தன் பெட்டியைப் பார்த்தார். இவன் முகத்தைப் பார்த்தார். “இது எனக்கும் வேணுமா இருந்துச்சோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

இத்தனை வருஷம் காத்திருந்தது இந்த இடத்துக்குத்தான். சிலம்பரசன் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தான்.

“மாணிக்கம்மாவ ஞாபகம் இருக்கா சார்?”

“எந்த மாணிக்கம்மா?”

அட பாவி, பேர்கூட நினைவில்லை. “உங்க வூட்ல பாத்திரம் தேச்சாங்க. லென்ஸ் காணாம போச்சின்னு ரோட்ல நிறுத்தி முந்தானைய அவுக்க வச்சீங்களே.”

மருதமுத்து யோசித்தார். நெற்றிச் சுருக்கம் விலகியது. “ஓ, அந்த லென்ஸா. அது அப்பவே கெடச்சிருச்சேப்பா” என்றார். லென்ஸ் கிடைத்ததோடு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி அவர் சொன்ன விதத்தில் சிலம்பரசனுக்கு மிச்சம் மீதி இருந்த தயவும் எரிந்து போயிற்று.

“கெடச்சிச்சி. எங்கம்மா பேரு கெடைக்கல. நான் அவங்க மவன். யூபிஎஸ் வேணும்னு எனக்கு மொத நாளே தெரியும் சார். வேற ஏதாவது வேணுமான்னு கேட்டீங்களே, அப்பவும் தெரியும். வேணும்னேதான் சொல்லல.”

மருதமுத்து திட்டவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. “அப்ப அவ பாடுனது ஒண்ணுமே மிஞ்சாதா?” என்றார்.

“மிஞ்சாது சார்” என்றான் சிலம்பரசன். வாயில் வெல்லம் கரைந்த மாதிரி இருந்தது. அவர் போய் ஆட்டோவில் ஏறினார். பெட்டியை எடுக்க மறந்துவிட்டார்.

சிலம்பரசன் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினான். வழியில் கறி வாங்கினான். கொண்டாட வேண்டாமா? மாணிக்கம்மாள் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மருதமுத்துவின் பாட்டு, படம் எல்லாம் அழிந்து போனதை மூச்சு வாங்கச் சொன்னான். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

“சாமி கேட்டுச்சிடா. நான் அழுததெல்லாம் சாமி கேட்டுகினுதான் இருந்திச்சி.”

“சாமி இல்லம்மா. நான்.”

“நீயா? நீ என்னா பண்ண?”

சொன்னான். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவளுக்கும் புரிகிற மாதிரி, பொறுமையாக, பெருமையாகச் சொன்னான். அவள் கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

“வேற எதாச்சும் வேணுமான்னு அவரு ஒன்ன கேட்டாரா?”

“கேட்டாரு.”

“நம்பித்தான் கேட்டாரா?”

“ஆமாம்மா. அதான சொல்றேன்.”

“நீ இல்லன்னுட்ட.”

“பின்ன? அவனுக்கெல்லாம் சொல்லுவாங்களா?”

மாணிக்கம்மாள் காம்பைக் கீழே வைத்தாள். சிரிப்பாள் என்று இவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவங்க என்ன தொரத்துன அன்னிக்கி நான் நேரா அம்மன் கோயிலுக்குப் போனேன். ஒனக்குத் தெரியாது. கற்பூரம் ஏத்தி, உள்ளங்கையால அணச்சி சத்தியம் பண்ணேன். நானோ என் வயித்துல பொறந்தவனோ அந்த வூட்டுப் பொருள ஒரு துரும்பு தொட மாட்டோம்னு. கை வேவல. அந்த தைரியத்துலதான்டா இத்தினி வருசம் ரோட்ல நடந்துகினு இருந்தேன். எவ என்னா பேசுனாலும் நான் திருடலன்னு எனக்குத் தெரியும்.”

“இது திருட்டு இல்லம்மா. நான் எதையும் எடுக்கல.”

“அந்தம்மா பாட்ட எடுத்துட்டியே.”

சிலம்பரசன் கறிப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். மாணிக்கம்மாள் எழுந்து முகம் கழுவி, வெளியே போகிற புடவையைக் கட்டினாள். எங்கே என்று அவன் கேட்டான். அந்தப் புது வீடு எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

“அம்மா, வேணாம்மா. அந்தாளு முன்னாடி நீ போயி நின்னா நான் உயிரோட இருக்க மாட்டேன். வேணும்னா நான் போறேன், நான் கால்ல வுழறேன்.”

“நீ வுழுந்தா ஒன் பாவம் போவும். சத்தியம் என்னுது.”

வழியெல்லாம் கெஞ்சினான். சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள், இவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கியபோது நல்ல வெயில். தெருவில் கரண்ட் இல்லை, பெண்கள் விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். கொஞ்சம் பொறு, இவர்கள் உள்ளே போகட்டும் என்று சிலம்பரசன் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிக்கொண்டு போய் கேட்டைத் தட்டினாள்.

மருதமுத்து வந்தார். அவளை உற்றுப் பார்த்தார். யாரென்று அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாணிக்கம்மாள் கறுத்த விரல்களைக் கூப்பிக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“நான் மாணிக்கம்மா சார். என் மவன் உங்க வூட்டுப் பொருள எடுத்துட்டான். அன்னிக்கி நீங்க சொன்னது பொய்யி. இன்னிக்கி நெசமாயிடுச்சி.”

விசிறிகள் நின்றன. சிலம்பரசன் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.